நட்டும் போல்ட்டும் நரைத்த தலைகளும்

பையன்களுக்காகச் செய்யப்பட்ட மெக்கானோ பெட்டிகளை இன்று காப்பாற்றிக்கொண்டிருப்பவர்கள் தாத்தாக்கள். பூட்டி வைப்பதா, பூட்டிப் பார்ப்பதா என்பது அவர்களுக்குள் தீராத வழக்கு.

இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் உள்ள ஸ்கெக்னஸ், கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்து, கடலில் கால் நனைத்து, ஐஸ்க்ரீம் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களின் ஊர். ஆனால் 1980களில் துவங்கிப் பல ஆண்டுகள், கோடையில் ஒரு சில நாட்கள் மட்டும் அங்கு வேறு ரகமான கூட்டம் ஒன்று வந்து இறங்கும். பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய ஆண்கள். காரின் பின்பக்கத்திலிருந்து போர்வையில் சுற்றிய எதையோ, பச்சைக் குழந்தையைத் தூக்கும் ஜாக்கிரதையோடு எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போவார்கள். மேஜைமேல் வைத்துப் போர்வையை விலக்கினால் உள்ளே ஒரு கிரேன் இருக்கும். அல்லது ஒரு நீராவி இன்ஜின். அல்லது ஆள் உயரக் கடிகாரம்.

சுவிட்சைப் போட்டதும் கூடம் முழுக்கப் பல்சக்கரங்களின் கரகரப்பு. கிரேன் தன் கொக்கியை இறக்கிச் சுமையைத் தூக்கும். தறி ஒன்று நாடா எறிந்து துணி நெய்யும். 'மெக்கானோகிராஃப்' என்ற யந்திரம் காகிதத்தில் கோலம் போடும். உரிமையாளர்கள் சட்டைப் பையில் ஸ்பானரும் கையில் எண்ணெய்க் குப்பியுமாகப் பக்கத்தில் நிற்பார்கள். நார்த் மிட்லண்ட்ஸ் மெக்கானோ கில்டு நடத்திய 'ஸ்கெக்எக்ஸ்' என்ற இந்தக் கண்காட்சி, உலகெங்கும் உள்ள மெக்கானோ பிரியர்களுக்கு ஏறக்குறைய ஒரு தேர்த்திருவிழா.

மெக்கானோ என்ற பெயர் பரிச்சயம் இல்லாதவர்களுக்கும் பொருள் பரிச்சயமாகவே இருக்கும். வரிசையாகத் துளையிட்ட உலோகப் பட்டைகள், தகடுகள், அச்சுக் கம்பிகள், கப்பிகள், பல்சக்கரங்கள், ஒரு கைப்பிடி நட்டும் போல்ட்டும். இவற்றைப் பூட்டி லாரி செய்யலாம். கழற்றி, அதே பாகங்களில் பாலம் கட்டலாம். 1980களிலும் 90களிலும் இந்திய நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் பலரின் பிறந்த நாளுக்கு வந்து சேர்ந்த 'மெக்கானிக்ஸ்' பெட்டி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அந்தப் பெட்டிகளுக்கெல்லாம் மூதாதை லிவர்பூலில் பிறந்தது.

இறைச்சி இறக்குமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் கணக்கராக இருந்தவர் ஃபிராங்க் ஹார்ன்பி. பொறியியல் படித்தவரல்ல. தன் பையன்களுக்கு விளையாடக் கிரேனும் பாலமும் செய்து கொடுத்தார். ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாகத் தகடு வெட்டுவது அலுத்துப்போகவே, எல்லாப் பொம்மைக்கும் பொருந்துகிற மாதிரி பாகங்களைச் செய்துவிட்டால் என்ன என்று யோசித்தார். 1901ஆம் ஆண்டு காப்புரிமை கிடைத்தது. 'மெக்கானிக்ஸ் மேட் ஈஸி' என்ற பெயரில் விற்பனை துவங்கியது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் துறைத் தலைவராக இருந்த பேராசிரியர் ஹீலி-ஷா இதைப் பாராட்டியது நல்ல விளம்பரமாயிற்று. 1907-ல் மெக்கானோ என்ற பெயர் பதிவாயிற்று. அடுத்த ஆண்டு கம்பெனி உருவானது. 1914-ல் லிவர்பூலின் பின்ஸ் சாலையில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1916-ல் 'மெக்கானோ மேகஸின்' என்ற பத்திரிகை வந்தது. ஹார்ன்பி ரயில்களும் டிங்க்கி கார்களும் பின்னர் அதே தொழிற்சாலையிலிருந்து வந்தவை. 1931-ல் ஹார்ன்பி எவர்ட்டன் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்கே போய்விட்டார்.

ஒரு பொம்மையின் கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். வளர்ந்த பிள்ளைகள் பம்பரத்தையும் கோலிக்குண்டையும் விட்டுவிட்டுப் போவதைப்போல இதையும் விட்டிருக்க வேண்டும். விடாததற்குக் காரணம் அரை அங்குலம்.

மெக்கானோவின் ஆதாரமான விதி அதுதான். ஒரு துளையின் மையத்துக்கும் அடுத்த துளையின் மையத்துக்கும் இடையே எப்போதும் அரை அங்குலம். போல்ட்டின் விட்டம் ஒரு அங்குலத்தில் 32-ல் 5 பங்கு. பல்சக்கரங்களும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டே வெட்டப்படுகின்றன. 57 பல் உள்ள சக்கரமும் 19 பல் உள்ள சிறு சக்கரமும் ஒன்றையொன்று கடிக்க வேண்டுமானால் இரண்டு அச்சுகளுக்கும் இடையே சரியாக ஒரு அங்குலம் தேவை; அதாவது இரண்டு துளை தள்ளி. அளவுகோல் வேண்டாம், கணக்கு வேண்டாம். துளையை எண்ணினால் போதும். 57-க்கு 19 என்பது மூன்று மடங்கு. 60-க்கு 15 என்பது நான்கு மடங்கு. 95-க்கு 19 என்பது ஐந்து மடங்கு. மூன்று ஜோடிகளையும் அடுத்தடுத்துக் கோத்தால் 60 மடங்கு வேகம் குறையும். நொடி முள் அச்சிலிருந்து நிமிட முள் அச்சு தயார். பத்து வயதில் இது வெறும் விளையாட்டு. ஐம்பது வயதில் அதே சக்கரங்களைக் கையில் எடுக்கும்போதுதான், யாரோ ஒருவர் எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார் என்பது புரிகிறது.

பெரியவர்கள் இதைக் காரியத்துக்குப் பயன்படுத்தியதும் உண்டு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த டக்ளஸ் ஹார்ட்ரி, அணுக்களின் அமைப்பைக் கணக்கிடும் சமன்பாடுகளோடு மல்லாடிக்கொண்டிருந்தவர். 1933-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வானவர் புஷ் அமைத்திருந்த டிஃபரன்ஷியல் அனலைசர் என்ற மாபெரும் கணக்கு யந்திரத்தைப் பார்த்தார். அதன் உயிர்நாடி எளிமையானது. சுழலும் தட்டின்மேல் ஒரு சிறு சக்கரம் செங்குத்தாக உட்கார்ந்திருக்கும். தட்டின் மையத்துக்கு அருகே இருந்தால் சக்கரம் மெதுவாகச் சுற்றும். விளிம்பை நோக்கி நகர்த்தினால் வேகம் பிடிக்கும். அது மொத்தம் எத்தனை சுற்று சுற்றியது என்பதே தொகையீட்டின் விடை. இதற்கு மெக்கானோ போதுமே என்று ஹார்ட்ரிக்குத் தோன்றியது. ஊர் திரும்பி, ஆர்தர் போர்ட்டர் என்ற மாணவருடன் சேர்ந்து 1934-ல் அதைக் கட்டினார். செலவு சுமார் 20 பவுண்டு. விடையில் பிழை இரண்டு சதவீத அளவில்தான் இருந்தது. பொம்மை வேலை செய்யக் கண்ட பிறகு, முழு அளவு யந்திரத்துக்குப் பணம் கிடைத்தது.

செக்கோஸ்லோவாகியாவில் மெக்கானோவின் ஒன்றுவிட்ட தம்பி ஒன்று உண்டு, பெயர் மெர்க்கூர். அங்கு துளைக்குத் துளை 10 மில்லிமீட்டர். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் வேதியியல் அறிஞர் ஓட்டோ விக்டர்லே, மெர்க்கூர் பாகங்களோடு ஒரு சைக்கிள் டைனமோவை இணைத்துத் தன் வீட்டு மேஜையில் ஒரு சுழல் யந்திரம் செய்தார். அதில் வார்த்தெடுத்தவைதான் கண்ணுக்கு இதமான முதல் மென்மையான கான்டாக்ட் லென்ஸ்கள். அதற்கும் முன்னால், 1949-ல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் வில்லியம் ஸூவல், அந்நாட்டு 'இரெக்டர்' செட்டின் பாகங்களையும் மோட்டாரையும் கொண்டு ஒரு ரத்த பம்ப் செய்தார். அது ஒரு நாயின் இதயத்தின் வலப்பக்க வேலையை ஒரு மணி நேரத்துக்கு மேல் செய்தது. அந்தப் பம்ப் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து.

இந்தப் பெருமையெல்லாம் கம்பெனியைக் காப்பாற்றவில்லை. பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன, தொலைக்காட்சி வந்தது. ஸ்பானர் பிடித்து நட்டு இறுக்கும் பொறுமை பிள்ளைகளுக்குக் குறைந்தது. 1964-ல் மெக்கானோ கைமாறியது. 1971-ல் மறுபடியும் கைமாறியது. 1979 நவம்பர் இறுதியில் பின்ஸ் சாலைத் தொழிற்சாலைக்குப் பூட்டு விழுந்தது. தொழிலாளர்கள் வெளியேற மறுத்து உள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள், பலனில்லை. பிரான்சின் காலே நகரில் 1959 முதல் இயங்கி வந்த தொழிற்சாலை மட்டும் இன்னும் 40 ஆண்டுகளுக்கு மேல் தாக்குப் பிடித்தது. அதையும் மூடப்போவதாக 2023-ல் அறிவிப்பு வந்தது, 2024-ல் மூடப்பட்டது. 1996-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹாரி க்ரோட்டோ, சிறுவயதில் மெக்கானோவோடு கழித்த நேரத்தைப் பெரிதும் மதித்தவர். லெகோ போன்ற புதிய பொம்மைகள் அதை ஓரங்கட்டியது, எதிர்காலப் பொறியாளர்களின் படிப்புக்கே நேர்ந்த பெரும் கேடு என்று எழுதினார்.

லிவர்பூல் ஆலை மூடிய பிறகு, மெக்கானோ பெரியவர்களின் கைக்கு முழுசாக வந்து சேர்ந்தது. இவர்களில் பலர் தங்கள் பழைய கணக்கு ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வந்தவர்கள். மெக்கானோ பெட்டிகளுக்கு வரிசை எண் உண்டு. 4ஆம் எண் பெட்டி வைத்திருப்பவன் '4ஏ' என்ற துணைப் பெட்டியை வாங்கினால் அவனிடம் இருப்பது 5ஆம் எண் ஆகிவிடும். இப்படிப் படிப்படியாக ஏறிப் போனால் உச்சியில் 10ஆம் எண். 1937-ல் வந்தது. மர அலமாரியில், இழுப்பறைகளில் அடுக்கப்பட்ட பாகங்கள். கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் அதிகம். வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் குறைவு. ஏணியின் மூன்றாம் படியில் நின்றுவிட்ட பையன்கள்தான் பின்னாளில், ஓய்வு பெற்று, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், 10ஆம் எண் பெட்டியை ஏலத்தில் தேடத் துவங்கினார்கள். 1992-ல் அந்தப் பெட்டியின் உற்பத்தியும் நின்றுபோனது தேட்டத்தை இன்னும் கூட்டியது.

சேகரிப்பவர்களின் உலகம் நிறங்களால் ஆனது. 1926க்கு முந்தைய பாகம் நிக்கல் பளபளப்போடு இருக்கும். அந்த ஆண்டில் சிவப்பும் பச்சையும் வந்தன. 1934-ல் நீலமும் பொன்னிறமும். போருக்குப் பின் மறுபடி சிவப்பு, பச்சை. 1964-ல் மஞ்சள், கறுப்பு, வெள்ளி. 1970-ல் நீலம், மஞ்சள். ஒரு பட்டையைக் கையில் வாங்கி, வர்ணத்தையும் முத்திரையையும் பார்த்து, எந்தப் பத்தாண்டில் பிறந்தது என்று சொல்லிவிடுவார்கள். நகைக்கடைக்காரர் உரைகல்லைப் பார்ப்பது மாதிரிதான்.

எல்லாவற்றையும்விட மதிப்பு, திறக்காத பெட்டிக்கு. பழைய பெட்டிகளில் பாகங்களை வண்ண அட்டையில் வைத்து நூலால் கட்டியிருப்பார்கள். அந்த நூல் அறுபடாமல் இருந்தால் விலை எங்கோ போகும். அறுத்தால் இறங்கும். ஒரு போல்ட்டைப் பூட்டி இறுக்கினால் துளையைச் சுற்றி வர்ணம் வளையமாக உரியும். விலை இன்னும் இறங்கும். ஆகவே எழுபது எண்பது ஆண்டுகளாக ஒரு குழந்தையும் தொடாத பெட்டிகள் கண்ணாடி அலமாரிகளுக்குள் இருக்கின்றன.

கட்டுகிறவர்களுக்கு இது பொறுக்காது. திறக்காத மெக்கானோ பெட்டி என்பது சமைக்காத அரிசி மூட்டை மாதிரி என்பது அவர்கள் கட்சி. அவர்கள் வாங்குவது துருவேறிய, வளைந்த, வர்ணம் போன உதிரிக் குவியல்களை. துருவைச் சுரண்டி, பட்டையைத் தட்டி நிமிர்த்தி, புது வர்ணம் அடித்து வேலைக்குக் கொண்டுவருவார்கள். புது வர்ணம் அடிப்பது சேகரிப்பவரின் கண்ணில் மகாபாவம். சரித்திரத்தின் மேல் சுண்ணாம்பு பூசுகிற காரியம். சங்கங்களில் இரு கட்சியும் ஒரே தேநீர் மேஜையில்தான் உட்கார்கின்றன. பல வீடுகளில் இரு கட்சியும் ஒரே ஆளுக்குள் இருக்கின்றன. மாடியில் தொடாத பெட்டி. தோட்டத்துக் கொட்டகையில் தொட்டுத் தேய்ந்த பாகங்கள்.

கொட்டகையில் நடப்பது சுலபமான வேலையும் அல்ல. பெரிய மாதிரி ஒன்றுக்கு மாதங்கள் போகும், சிலதுக்கு வருடங்கள். துளை போல்ட்டைவிடச் சற்றே பெரியது. இந்தச் சிறு தளர்ச்சி இல்லாவிட்டால் எதுவும் பூட்ட முடியாது. ஆனால் நூறு இணைப்பு சேர்ந்ததும் நூறு தளர்ச்சியும் சேர்ந்து கிரேனின் கை தொங்கிப்போகும். குறுக்கே எங்கு ஒரு பட்டை கொடுத்து முக்கோணமாக்கினால் அது விறைத்து நிற்கும் என்பதைக் கை கண்டுபிடிக்க வேண்டும். அச்சு சுற்றவில்லை என்றால் எங்கோ ஒரு துளை மயிரிழை விலகியிருக்கிறது என்று அர்த்தம். தேடிக் கழற்றி மறுபடி பூட்ட வேண்டும். கலிஃபோர்னியாவில் ஓர் ஆர்வலர், 19ஆம் நூற்றாண்டில் சார்லஸ் பாபேஜ் வரைந்து வைத்துவிட்டுக் கட்டி முடிக்காமல் போன டிஃபரன்ஸ் என்ஜினை மெக்கானோவில் கட்டி ஓட வைத்திருக்கிறார். கூட்டலும் 'மிச்சம் ஒன்று' போடுவதும் பல்சக்கரங்களே செய்கின்றன.

இத்தனை பாடுபட்டுக் கட்டியதை அவர்கள் என்ன செய்கிறார்கள்? கண்காட்சிகள் முடிந்து, புகைப்படம் எடுத்தானதும், கழற்றிவிடுகிறார்கள். அடுத்த மாதிரிக்குப் பாகம் வேண்டுமே. மெக்கானோ நீரில் கரைக்கிற பிள்ளையார் மாதிரி. மண் மட்டும் மிஞ்சும். அடுத்த வருடம் வேறு பிள்ளையார்.

கவலை, அடுத்த வருடம் யார் பிள்ளையார் பிடிப்பது என்பதில்தான். கண்காட்சிகளில் வரிசையாகத் தெரியும் நரைத்த தலைகளே சங்கடத்தைச் சொல்லிவிடும். மெக்கானோ தன் நல்ல காலத்தில் பையன்களையே குறிவைத்து விளம்பரம் செய்தது. பெண் குழந்தைகளைக் கூப்பிடவே இல்லை. அந்தப் பாதி உலகம் இன்று இந்தக் கூடங்களில் குறைவாகவே இருக்கிறது. பேரப்பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள், பொத்தானை அழுத்திக் கைதட்டுகிறார்கள், போய்விடுகிறார்கள். ஓர் ஆர்வலர் காலமானதும் கொட்டகையைத் திறக்கும் குடும்பத்துக்கு, எது கிடைத்தற்கரிய பித்தளைச் சக்கரம், எது சாதாரண இரும்பு என்று தெரியாது. விவரம் எழுதி வைக்கப்படாத சேகரிப்பு, விவரம் தெரிந்தவர் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால், எடைக்குப் போகும்.

பாகங்களும் வற்றாத ஊற்றல்ல. தேவையறிந்து சிலர் சிறிய பட்டறைகளில் பழைய அளவிலேயே பட்டைகளும் சக்கரங்களும் செய்து விற்கிறார்கள். பிந்தைய மெக்கானோ செட்டுகளில் போல்ட் மெட்ரிக் அளவுக்கு மாறிவிட்டது. புதிய நட்டு பழைய போல்ட்டில் ஒழுங்காக ஏறாது. ஆனால் அரை அங்குலம் மாறவில்லை. நூறு வருடத்துக்கு முந்தைய பட்டையை இன்றைய பட்டையின் மேல் வைத்தால் துளைகள் நேராகவே நிற்கின்றன. கம்பெனிகள் வந்து போயின, விதி நின்றுவிட்டது.

பூட்டி வைப்பவர், பூட்டிப் பார்ப்பவர் இருவரும் தேவை என்பதற்கு நியூசிலாந்தில் ஒரு சாட்சி இருக்கிறது. ஹார்ட்ரியின் யந்திரத்தைப் பார்த்து 1935-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் மெக்கானோவில் ஓர் அனலைசர் செய்துகொண்டது. அது பின்னர் கடல் கடந்து நியூசிலாந்து போய் அங்கும் உழைத்து, வேலை ஓய்ந்ததும் ஆக்லந்தின் 'மோடாட்' அருங்காட்சியகத்தை அடைந்தது. அருங்காட்சியகம் அதைப் பத்திரப்படுத்தியது. ஆனால் பத்திரப்படுத்தப்பட்ட யந்திரம் கணக்குப் போடாது. அதைச் சீராக்கி மறுபடி சுழல வைக்க முன்வந்தவர்கள் ஆக்லந்து மெக்கானோ சங்கத்துக்காரர்கள். எந்தப் பாகம் எங்கே போகும் என்பது பிள்ளைப் பிராயத்திலிருந்து அவர்கள் விரலுக்குத் தெரிந்திருந்தது. வைத்திருக்க ஓர் அலமாரி இல்லாவிட்டால் அந்த யந்திரம் அழிந்திருக்கும். கழற்றிப் பூட்டத் தெரிந்த கை இல்லாவிட்டால் அது வெறும் இரும்புதான்.

இந்தியாவில் இதற்கெல்லாம் ஏலக்கூடமும் இல்லை, தோட்டத்துக் கொட்டகையும் அநேகமாக இல்லை. பெட்டி மட்டும் இருக்கிறது. மெக்கானிக்ஸ் செட்டை வைத்து ஹெலிகாப்டர் செய்த தலைமுறைக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது. அவர்களில் கணிசமானவர்கள் இன்ஜினீயர்கள்; நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிறார்கள், கையால் ஒரு நட்டை இறுக்கி வருடங்கள் ஆயிற்று. வீடு காலி செய்யும்போதோ வெள்ளையடிக்கும்போதோ பரணிலிருந்து அந்தப் பெட்டி இறங்கும். மூடி கிழிந்திருக்கும், பட்டைகளில் துரு படிந்திருக்கும், ஸ்பானரைக் காணோம். துரு ஒரு பொருட்டல்ல. மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறப் போட்டுத் தேய்த்தால் பாதிக்கு மேல் தேறும். பழைய இரும்புக்காரர் தராசைத் தூக்குவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தரையில் பாயை விரித்து அதைக் கொட்டிப் பார்க்கலாம். வீட்டில் ஒரு பெண் குழந்தை இருந்தால் அவளையும் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைக்கலாம்.